நாலடி உயரத்திலிருந்து ஒரு கேன்

அத்தியாயம் 5

ஞானராஜின் விசிட்டிங் கார்டில் ‘தனியார் துப்பறிவாளர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தனியார் துப்புரவாளர்’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. அதுவும் அவராகக் கண்டுபிடிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிட்டு, பந்தி முடிந்ததும் கூடத்தைக் கழுவ எத்தனை ஆள் கூட்டிவருவீர்கள் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. மிச்சமிருந்த கார்டுகளைத் தூக்கிப்போட மனசில்லாமல், பேனாவால் திருத்தித் திருத்திக் கொடுத்துவந்தார்.

அப்படித் திருத்திய கார்டு ஒன்றைத்தான் விஜயபாண்டி இப்போது மேசைமேல் வைத்து, எந்தப் பக்கம் நேர்ப்பக்கம் என்று தெரியாதவர் மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார்.

விஜயபாண்டிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே, பிளாஸ்டிக் கேன் செய்கிற தொழிற்சாலை. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்தான் பிரதானம். விருதுநகர் எண்ணெய் வியாபாரி ஒருவர் வருசக்கணக்காக வாங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று வாரமாக அவருக்குப் போன கேன்களில் சில, எண்ணெய் ஊற்றி அடுக்கிய இரண்டாம் நாளே அடியில் கீறல் விட்டு ஒழுகின. போன வாரம் சரக்குக் கிட்டங்கித் தரையில் ஓடிய நல்லெண்ணெயில் சுமை தூக்குகிற ஆள் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். காரணம் தெரிகிறவரைக்கும் உன் கேன் ஒன்றுகூட என் வாசலுக்கு வரக்கூடாது என்று வியாபாரி சொல்லிவிட்டார். அவர் விலகிவிட்டால் இங்கே முப்பத்தைந்து பேர் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

காரணம் தனக்குத் தெரியும் என்றார் விஜயபாண்டி. கேன்களைச் சோதித்துப் பார்க்கிற பெண், பெயர் ஷர்மிளா பானு. தினமும் பத்துக் கேனை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, நாலடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் விட வேண்டும். ஒன்று ஒழுகினாலும் அன்றைய லோடு நின்றுவிடும். அவரோ மூன்று வாரமும் எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறார். ஒன்று, சோதிக்காமலே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டிக் கம்பெனிக்காரன் யாரோ எழுதச் சொல்லியிருக்க வேண்டும். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காலையிலேயே கடிதம் கொடுத்தாயிற்று.

“முடிவே பண்ணிட்டீங்க. அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்று கேட்டார் கோட்டைச்சாமி.

கோட்டைச்சாமி ஞானராஜின் உதவியாளர். அறுபத்தொரு வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டதாக ஞானராஜ் சொல்வார். வீட்டில் பொழுது போகாமல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டதாகக் கோட்டைச்சாமி சொல்வார். இரண்டாவதுதான் உண்மை.

வெளியாள் ஒருத்தர் பார்த்த பிறகு அனுப்பினால் பாவம் சேராது என்று வீட்டம்மா சொன்னதாக விஜயபாண்டி ஒப்புக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

சோதனை அறை என்பது ஷெட்டின் மூலையில் தகரம் வைத்து மறைத்த ஒரு இடம். ஷர்மிளா பானுவுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதிருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கேனைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகப்போகிற நாளிலும் அன்றைய பத்துக் கேனை விடவில்லை.

ஞானராஜ் பேசாமல் நின்று அவரை உற்றுப் பார்த்தார். குற்றவாளிகள் தாங்காமல் உளறிவிடுகிற பார்வை அது. வீட்டுக் கண்ணாடியில் பல நாள் பழகியது. ஷர்மிளா பானு நிமிர்ந்து பார்த்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டதா, கழுவத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். போர் தண்ணீர் உப்பு, எரியும், குடிக்கிற தண்ணீரில் கழுவுங்கள் என்றும் சொன்னார்.

பார்வையைச் சுருட்டி வைத்துவிட்டு ஞானராஜ் பதிவேட்டைக் கேட்டார். ஒவ்வொரு நாளும் பத்து வரி. எடை, உயரம், ஒழுகியதா இல்லையா. பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் எழுத்து அழகாக இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். இதில் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. ஏழாம் கேன் கை வழுக்கி மூன்றடியிலேயே விழுந்துவிட்டது, என் தப்பு, இதைச் சேர்க்கவில்லை, பதினோராவதாக இன்னொன்று எடுத்தேன் என்று எழுதியிருந்தது. நாலு பக்கம் தள்ளி, இன்று தலைவலி, அரை மணி தாமதமாக ஆரம்பித்தேன் என்று இருந்தது.

“அண்ணே, செய்யாத சோதனையில யாராவது கை வழுக்குனதா எழுதுவாங்களா?” என்றார் ஞானராஜ் மெதுவாக.

எழுத மாட்டார்கள் என்று கோட்டைச்சாமியும் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறாதவன் கூட்டத்தில் கால் மிதிபட்டதாகப் புகார் கொடுப்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியானால் இந்தப் பெண் ஒழுங்காகத்தான் சோதித்திருக்கிறார். கேனும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் விருதுநகரில் ஒழுகுகிறது. ஞானராஜுக்குத் தலை சுற்றியது. அவர் இதுவரை எடுத்த கேஸ்களில் பெரும்பாலானவை மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பதுதான். அதில் விடை எப்போதும் ஒன்றே.

திரும்பி வந்த மூட்டைகள் பின்பக்கம் அடுக்கியிருந்தன. வியாபாரி பிரிக்காமலே அனுப்பிய ஒரு நாள் லோடு, பத்து மூட்டை, மூட்டைக்கு இருபது கேன். ஞானராஜ் ஒரு மூட்டையைப் பிரித்து மேலே இருந்த கேனை எடுத்தார். பூதக்கண்ணாடியை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். அது வரவில்லை, மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதம் வந்தது. கோட்டைச்சாமி அதை வாங்கி நிழலில் வைத்துவிட்டு, கேனை வெயிலுக்கு நேராகப் பிடித்து வாய்வழியே உள்ளே பார்த்தார்.

அடியில் லேசாக ஒரு வெள்ளை வளையம்.

அடுத்த கேனில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மூட்டையில் இருந்த மற்ற பத்தொன்பதும் சுத்தம். இரண்டாவது மூட்டையைப் பிரித்தார்கள். அதிலும் மேலாக இருந்த ஒரு கேனில் மட்டும் வெள்ளை வளையம். பத்து மூட்டையிலும் அப்படியே. கோட்டைச்சாமி விரலை உள்ளே விட்டுச் சுரண்டி, ஞானராஜ் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

“உப்பு,” என்றார். “நம்ம ஊர் போர் தண்ணிதான். வீட்டுக் குடத்துலயும் இப்படித்தான் படியும்.”

ஞானராஜ் கேனை வாங்கிப் பார்த்தார். புது எண்ணெய்க் கேனுக்குள் போர் தண்ணீர் எப்படிப் போகும்? இந்த ஷெட்டில் கேனுக்குள் தண்ணீர் ஊற்றுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஷர்மிளா பானுவைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. இவை சோதித்த கேன்கள் என்றார். நாலடியிலிருந்து விழுந்தவை. பார்க்க நன்றாக இருந்தாலும் விழுந்த அதிர்ச்சியில் அடியில் பிளாஸ்டிக் ஒட்டிய தையல் உள்ளுக்குள் தளர்ந்திருக்கும். அதனால் ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும், சாக்கட்டியால் ஒரு குறி போட்டு, பத்தையும் தூளாக்குகிற அரவை மெஷினுக்குத்தான் அனுப்புவார். அவை மூட்டைக்குள் போகவே கூடாது.

“குறி எங்கேம்மா?” என்று கேட்டார் ஞானராஜ்.

துடைத்திருந்தார்கள். கேனின் கைப்பிடி இடுக்கில் சிவப்பு நூல் ஒன்று மாட்டியிருந்தது. இன்னொன்றிலும் இருந்தது. ஞானராஜ் அந்த நூலை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, தான் இந்தத் தொழிலுக்கு வந்தது வீண்போகவில்லை என்று மனதார நம்பினார். ஏனென்றால், காலையில் உள்ளே வரும்போதே கவனித்திருந்தார். மூட்டை அனுப்புகிற பிரிவின் பொறுப்பாளர் மாரிசெல்வத்தின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

இந்த மாதிரி நேரத்தில் அமைதியாக இன்னும் இரண்டு கேள்வி கேட்பவன் நல்ல துப்பறிவாளன். ஞானராஜ் எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். விஜயபாண்டி வந்தார், பேக்கிங் பெண்கள் வந்தார்கள். மூட்டை வாயைக் கட்டுகிறவருக்குத்தான் மேலே ஒரு கேனைச் செருக வசதி என்று ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, கடைசியில் நூலை உயர்த்திக் காட்டி, மாரிசெல்வத்தின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

மாரிசெல்வம் கோபப்படவில்லை. தனக்கு மஞ்சள்காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்ததையும், நேற்று முன்தினம்தான் வேலைக்குத் திரும்பியதையும் நிதானமாகச் சொன்னார். கயிறு, குணமானதற்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது யார் என்று முதலாளியையே கேளுங்கள் என்றார். விஜயபாண்டி, நான்தான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன் என்று முணுமுணுத்துவிட்டு, மேசைமேல் விட்டுவந்த கார்டை நினைத்துக்கொண்டவர் போல அலுவலகப் பக்கம் பார்த்தார்.

ஞானராஜ் பிடித்திருந்த கையை மெதுவாகக் கீழே இறக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல், அதன் உரிமையாளரிடமே விட்டார். பேக்கிங் பெண்களில் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கோட்டைச்சாமிதான் காப்பாற்றினார். இவர் இல்லாத மூன்று வாரம் மூட்டை வாயைக் கட்டியது யார் என்று சாதாரணமாகக் கேட்டார்.

வீரணன், என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக.

வீரணன் அரவை மெஷின் ஆள். ஐம்பது வயது. நூல் மில்லில் இருந்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இங்கே சேர்ந்தவர். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையில் சிவப்புத் துண்டு. ஓரமெல்லாம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. உள்ளே வரும்போது அதையும் ஞானராஜ் பார்த்திருந்தார். ஆனால் வெயிலுக்குத் தலையில் துண்டு கட்டியவனை யார் சந்தேகப்படுவது?

இந்தத் தடவை அவர் கூட்டம் கூட்டவில்லை. கோட்டைச்சாமியையும் ஷர்மிளா பானுவையும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். வீரணன் முதலில் மறுப்பார், பிறகு மழுப்புவார், மூன்றாவது கேள்வியில் உடைவார் என்று வரிசையாகக் கேள்விகளைத் தயார் செய்திருந்தார். முதல் கேள்வியைப் பாதி கேட்பதற்குள் வீரணன், ஆமா, நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டார். குரலில் பயமில்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“ஏன் வச்சீங்க?”

வீரணன் ஷர்மிளா பானுவை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித்தான் ஆரம்பித்தார்.

“புது மெஷினுக்குப் பூஜை போட்ட அன்னைக்கு மொதலாளி எல்லாரையும் நிப்பாட்டி வச்சுச் சொன்னாக. டெஸ்ட்ல பாஸான கேனுதான் நம்ம கேட்டைத் தாண்டணும்னு. அன்னைக்குத்தான் நான் வேலைக்குச் சேந்தேன். பாத்தா, மேடம் ஒரு நாளைக்குப் பத்துக் கேனுதான் டெஸ்ட் பண்றாக. அந்தப் பத்தும் பாஸு. அந்தப் பத்தையும் அரைக்கச் சொல்லி எங்கிட்டப் போட்டுர்றாக. டெஸ்டே பண்ணாதது பூராம் லோடு ஏறுது. மேடம் ஏதோ மாத்திப் பண்றாகன்னு நெனைச்சேன். மொதலாளிகிட்டச் சொன்னா அவுக வேலைக்கு வம்பு வரும். அதான் நானே துடைச்சுக் காயவச்சு, பிரிச்சதும் நல்ல கேனு கண்ணுல படட்டும்னு மூட்டைக்கு ஒண்ணா மேல வச்சுக் கட்டுனேன்.”

ஞானராஜ் தயார் செய்திருந்த கேள்விகள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றன. திருடனைத் தேடி வந்த இடத்தில், முதலாளி சொன்னதை வார்த்தை பிசகாமல் செய்த ஒரே ஆள் அகப்பட்டிருக்கிறார்.

ஷர்மிளா பானு போய், அன்று காலையில் சோதித்து முடித்த ஒரு கேனை எடுத்துவந்தார். தண்ணீர் நிரப்பி மூடி, நாலடி உயரத்திலிருந்து விட்டார். தாங்கியது. மறுபடி விட்டார். தாங்கியது. வீரணன் ‘பாத்தீங்களா’ என்பது போல ஞானராஜைப் பார்த்தார். மூன்றாவது தடவை விட்டபோது அடித் தையல் சொல்லி வைத்தாற்போல் பிளந்து, ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீரும் ஞானராஜின் பேண்ட்டில் இறங்கியது.

“புதுக் கேன் மூணு தடவை தாங்கும் அண்ணே,” என்றார் ஷர்மிளா பானு. “இது ஏற்கெனவே ஒரு தடவை அடி வாங்குனது. வெளியே தெரியாது. அவ்வளவுதான்.”

வீரணன் பிளந்த கேனைக் கையில் எடுத்தார். விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே மெஷின் திண்டில் உட்கார்ந்துவிட்டார். விருதுநகரில் கையை முறித்துக்கொண்டவர் எப்படி இருக்கிறார், கட்டுப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியை இந்த ஷெட்டில் அதுவரைக்கும் யாருமே கேட்கவில்லை என்பது ஞானராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு இன்னும் கால் மணி இருக்கும்போது நாலு பேரும் விஜயபாண்டியின் அறையில் நின்றார்கள். ஞானராஜ் நடந்ததைச் சொன்னார். ஈரப் பேண்ட்டோடு கம்பீரமாகச் சொல்வது கஷ்டமாக இருந்தது. விஜயபாண்டி கேட்டு முடித்து, அப்போ இந்தப் பொண்ணு மேல தப்பில்லை, வீரணனைக் கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்றார்.

ஷர்மிளா பானு வேண்டாம் என்றார்.

“வந்த மொத நாளே அண்ணன் எங்கிட்டக் கேட்டாரு சார். நல்ல கேனாச்சே மேடம், ஏன் அரைக்கணும்னு. சொன்னதைச் செய்யுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ஒரு நிமிசம் நின்னு பதில் சொல்லியிருந்தா அந்த ஆளு கை முறிஞ்சிருக்காது. பதிவேட்டுல எல்லாம் எழுதுனேன், இதை எழுதலை.”

விஜயபாண்டி காலையில் கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். ஷர்மிளா பானு கொடுக்கவில்லை. விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், என் தப்பையும் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதலாளியின் மேசையில் இருந்த போனை எடுத்து விருதுநகருக்குப் பேசினார். ஒவ்வொரு மூட்டையிலும் மேல் கேனை மட்டும் எடுத்துவிடுங்கள், மிச்சம் பத்தொன்பதும் சுத்தம், நாளைக்கு நானே நேரில் வந்து பிரித்துக் காட்டுகிறேன், கை முறிந்தவரையும் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து காலையில் ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். கூட வரட்டுமா என்று வீரணன் கேட்டார். விஜயபாண்டி அவரைப் பார்த்தார். பூஜையன்று தான் பேசியதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்திருப்பார் போல. கம்பெனி வண்டியிலேயே போய்விட்டு வாருங்கள் என்றார்.

இனி இப்படி நடக்காமல் இருக்க ஒரு விதியைச் சரியான வார்த்தையில் எழுதித் தர வேண்டும் என்று விஜயபாண்டி ஞானராஜைக் கேட்டுக்கொண்டார். தமிழில் தனக்கொரு பிடி உண்டு என்பது ஞானராஜின் நெடுநாள் நம்பிக்கை. வெள்ளைத் தாளில், ‘சோதனைக்குள்ளான கேன்கள் வெளியேறலாகாது’ என்று எழுதி நீட்டினார். வீரணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கேன் எப்படி சார் தானா வெளியேறும் என்று கேட்டார். அடித்துவிட்டு, ‘தண்ணீர் பட்ட கேன்களை அனுப்பாதீர்’ என்று எழுதினார். மழை பெய்தால் மொத்த லோடும் நின்றுவிடுமே என்றார் வீரணன். இந்தக் கம்பெனியில் உண்மையான சோதனை அதிகாரி இவர்தான் என்று கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னார்.

ஷர்மிளா பானு தாளை வாங்கவே இல்லை. நேரே அரவை மெஷினுக்குப் போய், அதன் தகரத்தில் சாக்கட்டியால் ‘நான் கீழே போட்ட கேன் எல்லாம் இங்கே’ என்று எழுதினார். மற்றவர்களோடு பின்னாலேயே வந்த வீரணன் அதை இரண்டு தடவை படித்தார். இது புரிகிறது என்றார். அன்றைய மிச்சக் கேன்கள் ஒன்பதும் பக்கத்தில் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தவர், போடாமல் நின்றார்.

“மேடம், ஒண்ணு கேக்கவா?”

“கேளுங்கண்ணே.”

“கீழ போட்டது எல்லாத்தையும் அரைச்சிர்றோம். சரி. கீழ போடாத கேனு நல்ல கேனுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஷர்மிளா பானு அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

“தெரியாதுண்ணே. பத்தைப் பாத்துட்டு மிச்சத்தை நம்புறதுதான் என் வேலை.”

வீரணன் கையிலிருந்த கேனை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, சரி தாயி என்று சொல்லி மெஷினுக்குள் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். அரவைச் சத்தத்தில் கோட்டைச்சாமி ஞானராஜின் காதருகே ஏதோ சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்வை போன இடம் பேண்ட்டில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்த உப்பு. அதனால் ஞானராஜ் திரும்பக் கேட்டுக்கொள்ளவில்லை.